நான்கு கோபுரக் கொடி

"விழுப்புரம் உள்ள போவாது, பைபாஸ்லதான் எறங்கணும்" என்று கண்டக்டர் சொன்னபோது பேருந்து திண்டிவனத்தைத் தாண்டிவிட்டிருந்தது. ஏறும்போதே கேட்டிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் வெளியே இருந்தவனுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள்தான் முதலில் மறந்துபோகின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்டியும் கையுமாக என்னை இறக்கிவிட்டுப் பேருந்து போய்விட்டது.

நல்ல வெயில். வெகுநேரம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே அவித்த வேர்க்கடலை மூட்டையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் அதை மல்லாட்டை என்போம். என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்து, எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார்.

"போர்ச்சுகல்" என்றேன்.

"துபாய் பக்கமா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"அவ்ளோ தூரம் போயி இன்னா சாப்புடுறீங்களோ" என்று ஒரு கை மல்லாட்டையை என் மடியில் போட்டார். உப்பு சரியாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஊருக்கு வந்த முதல் நாள் எதற்கெடுத்தாலும் எனக்கு அப்படித்தான் ஆகும்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகலில் ஒரு சிற்றூரில், நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் நான் சமையற்காரன். நகராட்சியில் விழாக்களைக் கவனிக்கும் கிராசா என்ற அம்மாள் தினமும் மதியம் எங்கள் கடைக்குத்தான் கீரை சூப் குடிக்க வருவார். ஊர்த் திருவிழா நெருங்குகிறது, ஊர்வலக் கொடிகள் எல்லாம் நைந்துவிட்டன, நன்றாகத் தைக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். "எங்கள் ஊர்ப் பக்கம் கொடி தைக்கிற மாதிரி உலகத்தில் எங்கேயும் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். பெருமைதான். அடுத்த வாரம் லீவில் ஊருக்குக் கிளம்பிய என் பையில் துணி மாதிரியும் படமும் வந்து சேர்ந்தன.

கொடி கத்திரிப்பூ நிறமும் வெள்ளையுமாக நான்கு கட்டம். நடுவே கேடயம். கேடயத்துக்குள் ஒரு கோட்டை, இருபுறமும் திராட்சைக் குலை, கீழே ஆற்றுக்காக நெளிகோடுகள். கேடயத்தின் தலைமேல் வெள்ளி நிறத்தில் ஒரு கிரீடம். அதில் நான்கு கோபுரங்கள். அடியில் நாடாவில் ஊர்ப்பெயர்.

"நான்கு கோபுரம். மறந்துவிடாதே" என்றார் கிராசா. "ஐந்து என்றால் பெருநகரம். நாம் சிற்றூர். ஐந்து வைத்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்."

ஊருக்கு எதற்கு ராஜா கிரீடம் என்று கேட்டேன். "ராஜாவா? இது ஊரைச் சுற்றியிருக்கும் மதில். மதிலுக்குள் இருக்கிற எல்லாருக்கும் பொது" என்றார். அங்கே எல்லாம் தேனாறு என்று நினைத்துவிட வேண்டாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது என் முகத்தைப் பார்த்ததுமே "காலி இல்லை" என்று கதவைச் சாத்தியவர்களும் அதே மதிலுக்குள்தான் இருக்கிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து கெடார் போகும் வழியில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன் வீட்டில் தங்கினேன். கரும்பும் நெல்லும் போடுகிறவர். என் அப்பா இறந்தபோது எனக்கு அங்கே தங்கும் உரிமைக்கான காகிதம் எதுவும் கைக்கு வந்திருக்கவில்லை. கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது. கொள்ளி வைத்தது ஏழுமலை அண்ணன்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்று ராத்திரி கறிக்குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே, "எளச்சிக்கினே போற. அங்க இன்னாதான் ஆக்கித் துன்றியோ" என்றார். அண்ணி சிரித்தார். நான் அங்கே சமைத்துப் போடுகிறவன் என்பது அவர்களுக்குத் தீராத வேடிக்கை.

மறுநாள் விழுப்புரம் கடைத்தெருவில் அலைந்தேன். முதல் கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிங்க, புதுசா?" என்றார்.

"கட்சி இல்லீங்க. ஒரு ஊரோட கொடி."

"ஊருக்கு எதுக்குங்க கொடி?"

பிரின்ட் அடிக்கத்தான் அவரிடம் வசதி, நான் கேட்டதோ நூல் வேலை. இன்னொரு கடையில் கொஞ்சம்தான் வேண்டும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது கடையில் ஒரு நல்ல மனுஷர், "கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வேணும்னா திண்டிவனத்துல ஒரு பொண்ணு போடுது. ஸ்டெல்லான்னு பேரு. கை சுத்தம்" என்று போன் நம்பர் கொடுத்தார். பரோட்டா சால்னா சாப்பிட்டேன். அங்கே கனவில் வந்துகொண்டிருந்த அதே சால்னா. பாதி சாப்பிடுவதற்குள் வயிறு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

திண்டிவனத்துக்கு மறுநாள். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். ஸ்டெல்லாவின் கடை ஒரு மாடியில் இருந்தது. பள்ளிக்கூட பேட்ஜுகளும் ஜாக்கெட் துணிகளும் குவிந்து கிடந்தன. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். படத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது.

"கிரீடம் சூப்பரா இருக்குது சார். வெள்ளி நூல்ல போட்டா மின்னும். திராட்சைக்கு ரெண்டு ஷேடு குடுத்துடலாம். நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஐயோ! எங்க ஊட்டுக்காரர் ஊரு சார் அது! நான் வாக்கப்பட்ட ஊரு. வாரத்துல அஞ்சு நாளு இங்க அக்கா ஊட்ல தங்கிக்கினு வேல செய்வேன். சனி ஞாயிறு அங்கதான்."

"அப்படியா! எந்தத் தெரு?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்தக் கேள்வியை நினைத்துக் கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. இத்தனை வருடம் அந்நிய பாஷை பேசிய வாய்.

ஸ்டெல்லா மிஷினை நிறுத்தி நூலைக் கத்தரித்தார். "காலனி சார்" என்றார். பிறகு, "நீங்க ஊர்த்தெரு" என்றார். அது கேள்வி இல்லை. நான் தலையாட்டினேன். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் சத்தத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சில நாட்கள் சும்மா கழிந்தன. அண்ணனோடு கரும்புக் கொல்லைக்குப் போனேன். அண்ணி காய்ச்சிய கேப்பைக் கூழைக் குடித்தேன். திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். திண்டிவனத்தில் என்ன வேலை என்று அண்ணன் கேட்டார். "ஒரு கடைல துணி தைக்கக் குடுத்திருக்கேன்" என்றேன். பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் கொடி தயாரானது. அப்படி ஒரு வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தை அனுப்பியதும் கிராசாவிடமிருந்து பதில் வந்தது. "அற்புதம்! ஆனால் நூல் வேலை கனம் அதிகம். காற்றில் விரியுமா, தொங்குமா? ஒரு கம்பத்தில் ஏற்றி வீடியோ எடுத்து அனுப்பு."

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கம்பம் இருக்கிறது. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் தைத்தது யார் என்று கட்டாயம் கேட்பார். அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனமில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "எங்க தெருவுல மாதா கெபி முன்னாடி திருவிழாக் கொடிமரம் இருக்குது சார். இப்ப சும்மாதான் நிக்குது" என்றார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

சனிக்கிழமை சாயந்திரம் போனேன். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தத் தெருவுக்குள் அன்றுதான் முதல்தடவையாகப் போகிறேன். சிமெண்ட் சாலை, வரிசையாக வீடுகள், கடைசியில் சிறு குகை போல நீலப் பெயிண்ட் அடித்த மாதா கெபி. ஸ்டெல்லாவின் கணவர் பாக்கியநாதன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கம்பத்துக்குக் கயிறு கட்டுவதெல்லாம் அவர் பொறுப்பு. கொடியைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"வேணாம் சார். புதுக் கொடி. ஊருல யாராவது எதனா சொல்லுவாங்க. பேஜாரு."

"நான் இருக்கேன்ல? என்ன ஆயிடும்?" என்றேன்.

ஏற்றினார். நல்ல காற்று. கத்திரிப்பூவும் வெள்ளையும் படபடவென்று விரிந்தன. வெள்ளி நூல் கிரீடம் வெயிலில் மின்னியது. தெருவே வெளியே வந்து பார்த்தது. சிலர் கை தட்டினார்கள். "இது எந்த மாதாவுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. நான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். "நம் கோட்டை மேலேயே பறப்பது போல இருக்கிறது" என்று கிராசா எழுதினார்.

ஸ்டெல்லா டீ கொடுத்தார். குடித்தேன். குடித்துவிட்டேன் பார் என்று எனக்கு நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

"எறக்கிடவா சார்?" என்றார் பாக்கியநாதன்.

"இருக்கட்டும். காலைல வெளிச்சம் நல்லா இருக்கும். இன்னொரு போட்டோ எடுத்துட்டு எறக்கிடலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்தேன். அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன்.

"கிரீடம் வெச்சிருக்கானுங்க பாரு. கோட்ட வேற."

"வுட்டா அவனுங்கதான் இந்த ஊர ஆண்டவனுங்கன்னு சொல்லுவானுங்க."

"இன்னைக்குக் கொடி. நாளைக்குச் செல வெப்பானுங்க."

அண்ணன் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். என் கொடி. என் கொடிதான். யாரோ தெருமுனையிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். நாடாவில் இருந்த எழுத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"தம்பி, நீ நாலு நாடு பாத்தவன். இது இன்னா எழுத்து, இங்கிலீஷா? எந்தக் கட்சி பேரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை. "என்னுதுண்ணே" என்று சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரியாத் தெரியலண்ணே" என்றேன்.

போனை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். நான் உள்ளே போய்ப் பல் விளக்கினேன். அடுப்படியில் அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே, "உன் பையில இருந்த துணி மாதிரியே இருக்குதே தம்பி" என்றார். இரண்டு தோசை சாப்பிட்டேன். சட்னி என்ன சட்னி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன் அடித்தது. ஸ்டெல்லா. வாசலில் ஆட்கள் இருந்ததால் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு எடுத்தேன்.

"சார், அவர ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு பூட்டாங்க. கொடியையும் எறக்கி எடுத்துக்கினாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார். ஜல்தி வாங்க."

அழவில்லை. குரல் மட்டும் அவசரமாக இருந்தது. அண்ணி பைக் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஸ்டேஷனில் பாக்கியநாதன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். கொடி ஒரு சாக்கு மாதிரி சுருட்டப்பட்டு அலமாரி அடியில் கிடந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஸ்டெல்லா. எஸ்.ஐ. ஓர் இளம்பெண். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்போர்ட்டைக் காட்டினேன்.

"வெளிநாட்டுக் கொடியா? வெளிநாட்டுக் கொடிய எப்படி சார் இங்க ஏத்துவீங்க?" என்றார். புதுச் சிக்கல்.

"நாட்டுக் கொடி இல்லீங்க மேடம். ஒரு முனிசிபாலிட்டி கொடி."

"நம்ம முனிசிபாலிட்டிக்கெல்லாம் கொடி இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் அதுக்கு மட்டும் எதுக்கு?" யோசித்தார். "அந்த ஊர்க்காரங்க யாரையாவது பேசச் சொல்லுங்க. நான் நம்பறேன்."

அங்கே அப்போது விடியற்காலை, அதுவும் ஞாயிறு. வீடியோவில் கிராசா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினார். "என்ன ஆயிற்று? சாயம் போய்விட்டதா?"

"இல்லை. இங்கே ஓர் அதிகாரி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்."

எஸ்.ஐ.யின் காக்கிச் சட்டையைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, முகம் முழுக்கச் சிரிப்பு. "வணக்கம்! எங்கள் கொடியை உங்கள் ஊரில் ஏற்றியதற்கு எங்கள் ஊர் சார்பில் நன்றி!" நான் மொழிபெயர்த்தேன். எஸ்.ஐ. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்னால் இருப்பவர், வீடியோவில் கயிறு இழுத்தவர்தானே? அவரைக் காட்டு, காட்டு!"

நான் போனைத் திருப்பினேன். பாக்கியநாதன் தரையிலிருந்து எழுந்து நின்றார். கிராசா கையை உதட்டில் வைத்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டார்.

"அந்தம்மா இன்னா சொல்றாங்க சார்?"

"நன்றி சொல்றாங்க."

பாக்கியநாதன் போனைப் பார்த்துக் கை கூப்பினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை என் பக்கம் திருப்பியபோது திரை மூலையில் தெரிந்த என் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணனும் மற்றவர்களும் எழுதிய புகாரோடு உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன் நின்றுவிட்டார்.

"நீ இன்னா இங்க?"

"அண்ணே, அது என் கொடி. நான்தான் ஏத்தச் சொன்னேன். எங்க ஊரு... அங்க நான் வேல செய்யிற ஊரு கொடி."

"காலைல கேட்டப்ப தெரியலன்னியே?"

அண்ணன் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார். ஸ்டேஷனில் எல்லார் காதிலும் அது விழுந்தது. பாக்கியநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு தரையைப் பார்த்தார்.

எஸ்.ஐ. கேட்டார்: "ஏங்க, இது வெளிநாட்டு முனிசிபாலிட்டி கொடியாம். வெள்ளக்கார அம்மா பேசினாங்க. இப்ப உங்களுக்குப் பிரச்ன இருக்கா, இல்லையா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்டீன்னா பிரச்ன இல்லீங்க. நாங்க இவனுங்க கொடின்னு நெனச்சிட்டோம்" என்றார் ஒருவர். அண்ணன் புகாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். யாரோ, "அங்க நமக்கும் ஒரு வேல பாத்துக் குடு தம்பி, நாங்களும் கிரீடம் வெச்சிக்கிறோம்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அனுமதி இல்லாமல் அந்தக் கம்பத்தில் இனி எந்தக் கொடியும் ஏற்ற மாட்டேன் என்று பாக்கியநாதனிடம் எழுதி வாங்கினார்கள்.

"மாதா திருவிழாக் கொடியுங்களா மேடம்?" என்று அவர் கேட்டார்.

"எதுவா இருந்தாலும் இங்க வந்து சொல்லிட்டு ஏத்துங்க. இதான் உங்களுக்கும் நல்லது."

"நான் கையெழுத்துப் போடறேன் மேடம், தப்பு என்னுது" என்றேன்.

"நீங்க போயிடுவீங்க சார்" என்றார் எஸ்.ஐ. அவர் கேலியாகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பாக்கியநாதனை பைக்கில் ஏறச் சொன்னேன். "நாங்க பஸ்ல வந்துடறோம் சார். உங்க கூட வந்தா அது வேற பேச்சாவும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லாவோடு நடந்தார். பஸ் ஸ்டாப் அங்கிருந்து தூரம்.

அன்று மதியம் அண்ணன் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ரசத்துக்கு வந்தபோது, "எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றார்.

"தைச்சது யாருன்னு கேப்பீங்கன்னு பயந்தேன்."

"கேட்டிருப்பேன்தான்" என்றார். என் தட்டில் அப்பளம் வைத்தார். இந்தக் கைதான் என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது என்று நினைத்தேன். இதே கைதான் அந்தப் புகாரையும் எழுதியது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மீதிக் கொடிகளை வாங்கத் திண்டிவனம் போனேன். எல்லாம் மடித்துக் கட்டித் தயாராக இருந்தன. ஸ்டெல்லா ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். "பாத்துக்குங்க சார். அப்பால குறை சொல்லக் கூடாது." ஒரு குறையும் இல்லை. ஸ்டேஷனிலேயே தங்கிவிட்ட கொடிக்கு ஈடாக இன்னொன்றும் தைத்து வைத்திருந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். தமிழில் இந்த வார்த்தை எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க வரலன்னு சொல்லல சார். வந்தீங்க" என்றார். பிறகு நூலைக் கோத்துக்கொண்டே, "காலைல தெரியலன்னு சொன்னீங்களாமே. அதத்தான் அவரு ஊட்ல வந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கினு இருந்தாரு. ஏன் அப்டி சொன்னாரு, ஏன் அப்டி சொன்னாருன்னு" என்றார்.

எனக்குப் பதில் இருந்தது. ஸ்டெல்லாவுக்கும் அது தெரியும். அதனால்தான் பதிலுக்குக் காத்திராமல் மிஷினை ஓட்டத் தொடங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. விழுப்புரம் வரும்வரை வெளியே எதையும் பார்த்ததாக நினைவில்லை.

போர்ச்சுகலில் அந்தக் கொடிகளுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தீயணைப்புப் படைக்கு ஒன்று, பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. வருகிறவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டினார்கள். அதற்கு மேல் கிராசா இன்னொன்றும் செய்திருந்தார். நான் அனுப்பிய வீடியோவை நகராட்சியின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். மாதா கெபி, கயிறு இழுக்கும் பாக்கியநாதன், கை தட்டும் தெரு. ஊரே பார்த்திருந்தது. கடைக்கு வந்த ஒருவர், "கயிறு இழுப்பவர் உன் அண்ணனா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அன்றைக்கே பாக்கியநாதனுக்கு போன் செய்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். நலம் விசாரித்தேன், நலம் என்றார். உங்கள் முகம் தெரிகிற வீடியோவை இங்கே எல்லாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டேன். ஊரே பாராட்டுகிறது என்றும் சொன்னேன்.

"எடுத்துடச் சொல்லுங்க சார்" என்றார். "எவனாவது தேடி எடுத்து ஊருக்குள்ள வுட்டான்னா மறுபடியும் ஆரம்பிப்பானுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கிராசா எடுக்க மாட்டேன் என்றார். இத்தனை பேர் விரும்பியதை ஏன் எடுக்க வேண்டும், அந்த மனிதருக்கு அதில் என்ன பயம் என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அன்று விடியற்காலையில் அவர் யாரிடம் பேசினார், பாக்கியநாதன் ஏன் தரையில் உட்கார்ந்திருந்தார், அதற்கு முன்பு என் அண்ணன் வீட்டு வாசலில் நான் என்ன சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பாஷையில் அதையெல்லாம் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வீடியோவை எடுத்துவிட்டார்.

பிறகு, "ஒரே ஊர் என்கிறாய். அவர்கள் ஏன் தனியாக இருக்கிறார்கள்?" என்றார்.

"அவர்கள் இருப்பது காலனியில்" என்றேன். அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பாஷையிலும் அது கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

கிராசா முகம் சுளித்தார். கடல் தாண்டிப் பல நாடுகளைப் பிடித்து வைத்திருந்தவர்களின் பேத்தி. அந்த வார்த்தைக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

"காலனியா? இந்தக் காலத்திலா? யாருடைய காலனி?" என்றார்.

"எங்களுடையது" என்றேன்.